வாளியில் ஒரு பேத்தை

சால்மியாவில் மூன்றாம் மாடிப் பல் மருத்துவமனை.
காத்திருப்பவர்கள் பார்ப்பதற்கென்று
ஒரு கண்ணாடித் தொட்டி, பாதி உப்புத் தண்ணீர்.
ஞாயிறுதோறும் அதைக் கழுவுகிறவன் நான்.

நாலு வெள்ளி மோனோ,
ஒரு பச்சைப் புள்ளிப் பேத்தை.
அதன் பல் நிற்காமல் வளரும் என்று சொன்னதும்
டாக்டர் ஹைதம் சிரித்தார்:
சாகும்வரை என் வாடிக்கையாளன்.

பல் தேய நத்தை போடுவேன்.
ட்ரில் சுழலும் இரைச்சலுக்கு நடுவிலும்
ஓடு உடைவது எனக்குக் கேட்கும்.

விஷமா, என்று கேட்பார்கள்,
ஊசி போட்ட வாயின் மிச்சப் பாதியால்.

தொட்டால் இல்லை, என்பேன்.
தின்றால்தான்.
தின்றவனுக்கு முதலில் உதடு மரக்கும்,
இப்போது உங்களுக்கு மரத்திருக்கிறதே, அப்படி.
அப்புறம் நாக்கு. விரல் நுனி. அப்புறம் மூச்சு.
உங்களுடையது சாயங்காலம் சரியாகிவிடும்.
அதற்கு மாற்று மருந்து கிடையாது.

கூட இருக்கிற மீன்களுக்கு?
பல்லுக்குத்தான் அவை பயப்பட வேண்டும்.
சும்மா போகிற வாலைக் கடித்துப் பார்க்கும்,
பசியில்லை, புத்தி அப்படி.

கடலில் அது தின்கிற இரையிலிருந்து
விஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதாம்.
இது பாக்கெட் இறாலில் வளர்ந்தது.
உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
தின்று பார்த்துச் சொல்ல ஆளில்லை.

ஒரு வியாழன் இரவு
தரைவிரிப்பு உறிஞ்சும் மெஷினுக்காக
ஷோஃபிகுல் ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான்.
வெள்ளி, சனி லீவு.
ஞாயிறு காலை நான் போனபோது
நாலு மோனோவும் பக்கவாட்டில்,
வாலோரம் பிறை பிறையாகக் கடிபட்டு.
பேத்தை மட்டும் நீர்மட்டத்தில் வாயை வைத்து,
ஒரு கண் என்மேல்,
மற்றக் கண் கதவின்மேல்.

விஷத்தைக் கக்கிவிட்டது, என்றார் டாக்டர்.
வாலைப் பார், என்றார்.

சுவரோரம் பிளக் கிடந்தது.
நடைவழியில் ஷோஃபிகுல்
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.
மாப்பின் தண்ணீர் காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.
போன மாதம் ஒரு கண்ணாடி டம்ளருக்கு
அவன் சம்பளத்தில் மூன்று தினார் பிடித்தார்கள்.
நாலு மோனோவுக்கு எவ்வளவு?

குனிந்தேன். மாட்டினேன்.
பம்பு இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
அதற்குப் பிறகு நிமிர்ந்து,
இருக்கலாம் டாக்டர், என்றேன்.
ஒன்பது வருடத்தில்
ஒரு மீனைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.

இன்றைக்கே கொண்டு போ, என்றார்.

பேத்தையை வலையில் தூக்கக் கூடாது.
பயந்து காற்றை விழுங்கிவிட்டால்
வெளியே விடத் தெரியாமல் மிதந்து சாகும்.
வாளியைத் தொட்டிக்குள் சாய்த்து
தண்ணீரோடு மொண்டேன்.
உப்பவில்லை. என்னை நம்பியது என்று சொல்ல மாட்டேன்.
களைத்திருந்தது.

ஃபர்வானியா வரைக்கும் பஸ்ஸில் மடியில் வாளி.
பக்கத்து சீட் ஆள் எட்டிப் பார்த்துவிட்டு
இன்னொரு சீட்டுக்குப் போனான்.

அறையில் ஆறு பேர்.
பேத்தையா, என்றான் இன்னாசி,
வலையை உதறி வீசிவிட்டு வருகிற சாமானை
வாளியில் சுமந்து வருகிறாயா?
குழம்புச் சட்டியை எதிர் மூலைக்கு நகர்த்தினான்.
கரண்ட் பில்லில் இதற்கும் ஒரு பங்கு போடு, என்றான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
ஷோஃபிகுல் வந்தான், விலாசம் விசாரித்து.
கையில் மீன் சந்தைப் பை, ஒரு கிலோ மட்டி.
பிளக்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.
ஒன்றை எடுத்துப் போட்டான்.
இரண்டு பேரும் குனிந்துகொண்டிருந்தோம்,
ஓடு உடைகிறவரை.

மீதியை இன்னாசி மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தான்.
தரையில் தாள் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம்.
முதல் வாய் விழுங்கியதும்
ஷோஃபிகுல், யாரும் பார்க்காதபோது,
தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.